அந்தப் பிரிண்டர் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆட்டோகேடிலிருந்து பிடிஎஃப் எடுப்பது பற்றி

இன்றைய எபிசோடு ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆட்டோகேடில் டிராயிங் முடித்துவிட்டு கன்ட்ரோல் பி அடிக்கிறோம் இல்லையா? பிளாட் விண்டோ திறக்கும். அதில் பிரிண்டர் பெயர் என்ற இடத்தை அமுக்கினால் ஒரு பெரிய பட்டியல் கீழே விழும். ‘டிடபிள்யூஜி டு பிடிஎஃப்’ இருக்கும். ‘ஆட்டோகேட் பிடிஎஃப்’ என்று ஆரம்பிக்கிற நாலு பெயர் இருக்கும். ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் முன்னாடி யாரோ போட்டுவைத்த ‘பிடிஎஃப்கிரியேட்டர்’, ‘கியூட்பிடிஎஃப்’, ‘அடோபி பிடிஎஃப்’ இதில் ஏதாவது ஒன்றும் இருக்கும். எதை அமுக்கினாலும் கடைசியில் ஒரு பிடிஎஃப் வரத்தான் செய்கிறது. அப்புறம் எதுக்கு ஒரு முழு எபிசோடு?

நான் கட்டட டிராயிங் பக்கம் வேலை பார்க்கிறவன். ஒரு வீட்டு சைட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். வேறொரு ஆபீஸ் கொடுத்த கிச்சன் டிராயிங், ஏ3 தாளில், 1:20 ஸ்கேலில். கிரானைட் மேடையில் சிங்க் ஓட்டை எங்கே வர வேண்டும் என்பதற்கு டிராயிங்கில் அளவு எழுதவில்லை. கிரானைட் போடுகிறவர் என்ன செய்வார்? பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். சுவரிலிருந்து சிங்க் நடுப்பகுதி வரை தாளில் 60 மில்லிமீட்டர். இருபதால் பெருக்கினால் 1200. அந்த இடத்தில் அறுத்துவிட்டார். சிங்க் இருக்க வேண்டிய இடம் 1250. கீழே வேஸ்ட் பைப் ஏற்கெனவே சுவரில் போட்டாச்சு. 5 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டை. கிரானைட்டில் ஓட்டையை நகர்த்த முடியாது. ஒரு முழு ஸ்லாப் போச்சு.

அந்த மனிதர் அளந்தது சரி. பெருக்கியதும் சரி. தாள்தான் தப்பு. அது 100 சதவீதத்தில் வரவில்லை, 96 சதவீதத்தில் வந்திருந்தது. “டிராயிங்கை ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதிய அளவை மட்டும் எடு” என்று எல்லா டிராயிங்கின் மூலையிலும் போட்டிருக்கிறோம். சைட்டில் எழுதிய அளவு இல்லாத இடத்தில் எல்லோரும் ஸ்கேல்தான் வைப்பார்கள். இது உலக வழக்கம், இதை மாற்ற முடியாது. அதனால் தாள் பொய் சொல்லக் கூடாது.

அந்த 4 சதவீதம் எப்படிக் காணாமல் போகிறது என்பதில்தான் இன்றைய விஷயம் இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்ப்போம்.

ஆட்டோகேடுக்குள்ளேயே வருகிற டிரைவர், அதாவது ‘டிடபிள்யூஜி டு பிடிஎஃப்’, 2007 பதிப்பிலிருந்து இருக்கிறது. 2016 பதிப்பில் அதோடு இன்னும் நாலு ரெடிமேட் செட்டிங் சேர்த்தார்கள்: பொது வேலைக்கு ஒன்று, நல்ல தரமான பிரிண்டுக்கு ஒன்று, சின்ன ஃபைலுக்கு ஒன்று, வெப் மற்றும் மொபைலுக்கு ஒன்று. இந்த ஐந்துமே ஒரே குடும்பம். இவற்றுக்கு உங்கள் டிராயிங் என்னவென்று தெரியும். இது சுவர் லேயர், இது டைமென்ஷன் லேயர், இந்த எழுத்து இந்த ஃபான்ட், இந்த லேஅவுட்டுக்கு இந்தப் பெயர் என்று எல்லாம் ஆட்டோகேடின் கையிலேயே இருக்கு, அதை நேராக பிடிஎஃப் ஆக எழுதுகிறது.

விண்டோஸ் பிரிண்டராக வந்து உட்காருகிற மற்ற டூல்கள் வேறு மாதிரி. இவற்றை விர்ச்சுவல் பிரிண்டர் என்று சொல்வோம். இங்கே ஆட்டோகேட் என்ன நினைக்கிறது என்றால், தான் ஒரு நிஜ பிரிண்டருக்கு அனுப்புவதாக. “இங்கிருந்து அங்கே ஒரு கோடு போடு, இந்த இடத்தில் இந்த நிறத்தைப் பூசு” என்று விண்டோஸிடம் சொல்லும். விண்டோஸ் அதை விர்ச்சுவல் பிரிண்டரிடம் கொடுக்கும். கியூட்பிடிஎஃப், பிடிஎஃப்கிரியேட்டர் மாதிரி சிலதில் இன்னொரு படியும் உண்டு: முதலில் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகி, அப்புறம் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வழியாக பிடிஎஃப் ஆகும். இப்படிக் கை மாறி வருவதற்குள் லேயர் என்ற விஷயமே மறைந்துவிடும். லேஅவுட் பெயரில் புக்மார்க் வராது. டிராயிங்கில் வைத்த லிங்க் வேலை செய்யாது. கோடு மட்டும் மிஞ்சும். கல்யாணச் செய்தியை நாலு பேர் வழியாகச் சொல்லி அனுப்பினால் தேதி மட்டும் போய்ச் சேரும், மண்டபம் பெயர் போகாது, அது மாதிரி.

இப்போது தாள் அளவு. இதுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய வித்தியாசம்.

மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் விண்டோஸ் 10 உடன் 2015இல் வந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கும், காசு கிடையாது, வேகமாக வேலை செய்யும். மின்சார பில்லை பிடிஎஃப் ஆக்க இதைவிட நல்ல டூல் கிடையாது. ஆனால் அதில் தாள் அளவைத் திறந்து பாருங்கள். ஏ4 இருக்கும், ஏ5 இருக்கும், லீகல் இருக்கும், பெரியது என்று பார்த்தால் ஏ3. அவ்வளவுதான். ஏ1, ஏ0 கிடையாது. கட்டட டிராயிங்கில் பாதி ஏ1 தாளில்தான் போடுகிறோம், 594க்கு 841 மில்லிமீட்டர். அப்போ புதிதாக வேலைக்கு வந்த பையனோ பெண்ணோ என்ன செய்வாங்க? ஏ3 எடுப்பாங்க, ‘ஃபிட் டு பேப்பர்’ டிக் அடிப்பாங்க. ஃபிரேம் அழகாக உள்ளே உட்கார்ந்துவிடும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஏ1இலிருந்து ஏ3க்கு வந்தால் நீளமும் அகலமும் சரியாகப் பாதி. 1:100 என்று டைட்டில் பிளாக்கில் எழுதியிருக்கும், உண்மையில் அது 1:200. இது கூடப் பரவாயில்லை, யாராவது அனுபவசாலி மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார், 3 மீட்டர் அறை ஒன்றரை மீட்டர் என்று வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏ1ஐ ஏ4 ஆக்கினால் 1:283 மாதிரி ஒரு ஸ்கேல் வரும், அதற்கு எந்தக் கடையிலும் ஸ்கேல் விற்பதில்லை.

ஆபத்து இந்தப் பெரிய தப்பில் இல்லை. சின்னதில் இருக்கு. சில விர்ச்சுவல் பிரிண்டர்கள் நிஜ பிரிண்டர் மாதிரியே தாளின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் விட்டுவிடும். உங்கள் ஃபிரேம் தாளின் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு கோடு வெட்டுப்படும். அதைச் சரிசெய்ய நிறைய பேர் அதே ‘ஃபிட் டு பேப்பர்’ டிக்கைப் போடுகிறார்கள். போச்சு, இரண்டு சதவீதம். அந்தப் பிடிஎஃப் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. அங்கே ரீடரில் ‘ஃபிட்’ அல்லது ‘ஷ்ரிங்க்’ என்று இருக்கும். இன்னொரு இரண்டு சதவீதம். 96க்கு வந்தாச்சு. சிங்க் ஓட்டை 5 சென்டிமீட்டர் தள்ளிப் போவதற்கு இவ்வளவுதான் தேவை.

ஆட்டோகேடின் சொந்த டிரைவரில் இந்த முதல் இரண்டு சதவீதம் போக வேண்டிய அவசியமே இல்லை. தாள் பட்டியலில் ‘ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட்’ என்று ஆரம்பிக்கிற அளவுகள் இருக்கின்றன, ஏ0 வரைக்கும், அதைத் தாண்டியும். ஃபுல் பிளீட் என்றால் ஓரத்தில் இடமே விடாது, தாள் முழுவதும் உங்களுடையது. லேஅவுட்டில் 1:1 என்று வைத்துவிட்டு இதை எடுங்கள். ஃபிட் டு பேப்பர் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாவது இரண்டு சதவீதம் கடையில் போவது, அது நம் கையில் இல்லை. கடையில் “ஆக்சுவல் சைஸ் போடுங்கண்ணா” என்று சொல்லலாம், சொல்லணும். ஆனால் டிராயிங்கை எடுத்துப் போவது நாம் இல்லையே, சைட் சூப்பர்வைசர். அதனால் எல்லா ஷீட்டிலும் ஒரு பார் ஸ்கேல் வரைந்துவிடுங்கள். 0, 1, 2, 3 மீட்டர் என்று கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்டை. தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், அதனால் அது பொய் சொல்லாது. ‘1:100’ என்ற எழுத்துக்கு அந்தப் பண்பு கிடையாது.

சரி, அடுத்து கோட்டின் தடிமன். இதை லைன்வெயிட் என்கிறோம். சுவர் 0.5 மில்லிமீட்டர், டைமென்ஷன் 0.18, ஹேட்ச் 0.13 என்று சிடிபி ஃபைலில் பார்த்துப் பார்த்து வைத்திருப்போம். ஒரு விர்ச்சுவல் பிரிண்டர் 300 டிபிஐயில் இருந்தால் ஒரு புள்ளியின் அகலம் கிட்டத்தட்ட 0.085 மில்லிமீட்டர். 0.13 என்பது ஒன்றரைப் புள்ளி. அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது, ஒன்றாகவோ இரண்டாகவோ ஆகணும். இரண்டானால் அது 0.18 கோட்டோடு ஒன்றாகிவிடும். ஹேட்சும் டைமென்ஷனும் ஒரே தடிமன். தாளைப் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பாக, எது சுவர், எது டைல் கோடு என்று கண் பிடிக்காது. 600 டிபிஐ வைத்தால் 0.13 மூன்று புள்ளி, 0.18 நாலு புள்ளி. வித்தியாசம் தெரியும்.

“பிடிஎஃப் வெக்டர் தானே, அதுக்கு எதுக்கு டிபிஐ?” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கோடு கோடாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஆனால் கோட்டின் முனை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பது அந்தப் புள்ளிக் கட்டத்தில்தான் உட்காரும். கோலத்துக்குப் புள்ளி வைத்த பிறகு கோட்டைப் புள்ளிக்குப் புள்ளிதான் இழுக்க முடியும், இல்லையா? 600 டிபிஐயில் ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர். 1:100 டிராயிங்கில் அது தரையில் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வீட்டு பிளானுக்கு அது ஒன்றுமே இல்லை. 1:500இல் போட்ட லேஅவுட் மனைப் பிளானில் அது 21 மில்லிமீட்டர். அந்தப் பிடிஎஃப்பில் யாராவது மனையின் எல்லையை அளக்கப் போகிறார்கள் என்றால் டிபிஐயைக் கூட்டுங்கள். உள்ளமைந்த டிரைவரில் வெக்டருக்குத் தனி டிபிஐ, படத்துக்குத் தனி டிபிஐ வைக்க முடியும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால்தான் ஃபைல் வீங்கும்.

உள்ளமைந்த டிரைவரை ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கும் தலைவலி உண்டு. பழைய ஆபீஸ்களில் இன்னும் எஸ்எச்எக்ஸ் ஃபான்ட் தான், ரோமன்ஸ், சிம்ப்ளெக்ஸ் மாதிரி. அவை உண்மையில் எழுத்து இல்லை, எழுத்து வடிவத்தில் வரைந்த கோடுகள். பிடிஎஃப்பில் தேட முடியாது. இதைச் சரிசெய்கிறேன் என்று 2016இல் ஆட்டோடெஸ்க் ஒரு வேலை செய்தது: ஒவ்வொரு எஸ்எச்எக்ஸ் எழுத்துக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கமென்ட் வைத்தது. இப்போ தேடலாம், நல்லது. ஆனால் அக்ரோபேட்டில் திறந்தால் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் கமென்ட் வரிசையாக நிற்கும், மவுஸைக் கொண்டுபோனால் ‘ஆட்டோகேட் எஸ்எச்எக்ஸ் டெக்ஸ்ட்’ என்று மஞ்சள் பெட்டி முளைக்கும். கிளையன்ட் போன் பண்ணி “என்னங்க இது, யார் இவ்வளவு கரெக்‌ஷன் போட்டாங்க?” என்று கேட்பார். கமாண்ட் லைனில் ஈ, பி, டி, எஃப், எஸ், எச், எக்ஸ் என்று சேர்த்து டைப் பண்ணி மதிப்பை 0 ஆக்கிவிட்டுத் திரும்பவும் பிளாட் பண்ணுங்கள், போய்விடும்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு பிரச்சினை தமிழ் எழுத்து. சைட்டில் வேலை செய்பவர்களுக்காக நோட்ஸைத் தமிழில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் அதில் பாதி இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் டிடபிள்யூஜியைத் திறந்தால் தமிழ் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பிடிஎஃப் எடுக்கும்போது ஃபான்டையும் ஃபைலுக்குள் சேர்த்துவிட்டால் போன இடத்திலும் தமிழ் தமிழாகவே தெரியும். உள்ளமைந்த டிரைவரில் பிடிஎஃப் ஆப்ஷன்ஸ் பொத்தானை அமுக்கினால் ஃபான்டைச் சேர்க்கும் டிக் இருக்கும். கூடவே எல்லா எழுத்தையும் கோடாக மாற்றும் டிக்கும் இருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள். தேட முடியாது, ஆனால் ‘பீம் கம்பி’ என்று எழுதியது ‘பீம் கம்பி’ என்றே போய்ச் சேரும்.

இதே காரணத்துக்காக ஆன்லைன் கன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. “டிடபிள்யூஜி டு பிடிஎஃப் ஃப்ரீ” என்று தேடினால் வரிசையாக வரும். ஃபைலை அப்லோட் பண்ணு, பிடிஎஃப் டவுன்லோட் பண்ணு. வேண்டாம். அந்த சர்வரிடம் உங்கள் ஃபான்ட் இல்லை, உங்கள் சிடிபி இல்லை, எக்ஸ்ரெஃப் ஆக இணைத்த காலம் லேஅவுட் இல்லை. தூண் இல்லாத ஒரு பிளான் வந்து சேரும், அது தூண் இல்லாதது என்றே நீங்கள் கவனிக்காமல் போகலாம். அதைவிட, அது இன்னொருவருடைய வீடு. படுக்கையறை எங்கே, லாக்கர் எங்கே என்று எல்லாம் அதில் இருக்கு. யாருடைய சர்வர் என்றே தெரியாத இடத்தில் அதை ஏற்ற நமக்கு உரிமை கிடையாது. நிறைய ஆபீஸ்களில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இது இருக்கும்.

அப்போ மூன்றாம் தரப்பு டூல் எதற்குமே வேண்டாமா? அப்படி இல்லை. என் கருத்து இதுதான்: பிடிஎஃப்பை உருவாக்க உள்ளே இருப்பது. உருவான பிடிஎஃப்பை வைத்து வேலை செய்ய வெளியே இருப்பது.

புளூபீம் ரெவ்யூ என்று ஒன்று இருக்கு. 2002இல் அமெரிக்காவில் பசடீனாவில் ஆரம்பித்த கம்பெனி, கட்டட வேலைக்காகவே பிடிஎஃப் டூல் செய்தார்கள். வெளிநாட்டு புராஜெக்ட் செய்கிற ஆபீஸில் சேர்ந்தால் முதல் வாரமே இதைத் திறக்கச் சொல்வார்கள். ஷீட்டுக்கு ஸ்கேல் கொடுத்துவிட்டு டைல் எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு என்று பரப்பளவை பிடிஎஃப்பிலேயே எடுக்கலாம். பழைய ரிவிஷனையும் புது ரிவிஷனையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து எங்கே மாறியிருக்கு என்று நிறத்தில் பார்க்கலாம். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே நான் அதற்குப் பணம் கொடுப்பேன். “ஒண்ணும் பெருசா மாத்தலை சார்” என்று சொல்லி அனுப்பிய ரிவிஷனில் ஒரு தூண் 15 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பதை இதுதான் காட்டிக் கொடுக்கும். பணம் கட்ட முடியாதவர்கள் ஷீட்டுகளைச் சேர்க்க, பிரிக்க பிடிஎஃப்சாம் பேசிக் போதும். ஓப்பன் சோர்ஸ், இலவசம், எல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும்.

ஆனால் 20 ஷீட்டைத் தனித்தனியாக எடுத்து அப்புறம் சேர்க்கிற வேலையே தேவையில்லை. ஆட்டோகேடில் ‘பப்ளிஷ்’ கமாண்ட் இருக்கு. எல்லா லேஅவுட்டையும் வரிசையாக அடுக்கி ஒரே பிடிஎஃப் ஆகக் கொடுக்கும், ஒவ்வொரு ஷீட்டுக்கும் புக்மார்க்கோடு. சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு “முழு செட் அனுப்புங்க” என்று மெசேஜ் வரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

ரெவிட் பயன்படுத்துகிறவர்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். ரெவிட்டில் பிடிஎஃப் எக்ஸ்போர்ட் என்ற ஒன்று 2022 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னாடி அவர்கள் விர்ச்சுவல் பிரிண்டரை நம்பித்தான் இருந்தார்கள். அந்தக் காலத்து டுட்டோரியலைப் பார்த்துவிட்டு இன்னும் ஏதோ ஒரு பிரிண்டர் டிரைவரை இன்ஸ்டால் பண்ணிக்கொண்டு இருக்காதீர்கள்.

இப்போ தலைகீழ் வேலை. பிடிஎஃப்பிலிருந்து கேட்.

ஆட்டோகேட் 2017இல் ‘பிடிஎஃப்இம்போர்ட்’ வந்தது. அதற்கு முன்னாடி இதற்கென்றே தனியாக கன்வெர்ட்டர் வாங்குவார்கள். இன்றைக்கு வெக்டர் பிடிஎஃப் ஆக இருந்தால் முதலில் உள்ளே இருப்பதையே முயற்சி பண்ணுங்கள். ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் மொழியில் வட்டம் என்ற ஒரு சொல்லே கிடையாது. நேர்கோடு உண்டு, பெசியர் வளைவு உண்டு, அவ்வளவுதான். நீங்கள் போட்ட வட்டம் நாலு வளைவுத் துண்டாகவோ சின்னச் சின்னக் கோடுகளாகவோ போயிருக்கும். திரும்ப எடுக்கும்போது “இது ஒருவேளை வட்டமாக இருக்குமோ” என்று மென்பொருள் ஊகிக்கிறது. டைமென்ஷன் டைமென்ஷனாக வராது, கோடும் எண்ணுமாகத்தான் வரும். கதவு பிளாக் பிளாக்காக வராது. எஸ்எச்எக்ஸ் எழுத்து கோடுகளாக வரும், அதை எழுத்தாக மாற்ற ஒரு தனி கமாண்ட் இருக்கு. எல்லாம் முடிந்ததும் தெரிந்த ஒரு அளவை, ஒரு கதவையோ கிரிட்டையோ எடுத்து அளந்து பார்த்து ஸ்கேலைச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்கேன் பண்ணிய பழைய பிளான் என்றால் கதை வேறு. அது பிடிஎஃப் சட்டை போட்ட போட்டோ. பிடிஎஃப்இம்போர்ட் அதை ஒரு படமாகத்தான் எடுத்துப் போடும். ஸ்கேன்2கேட் மாதிரி படத்தைக் கோடாக்கும் டூல்கள் இருக்கின்றன. சுத்தமான ஸ்கேன் என்றால் ஓரளவுக்கு உதவும். 30 வருஷம் மடித்து பீரோவில் வைத்த அம்மோனியா பிரிண்ட் என்றால், அதைக் கீழே வைத்து மேலே புதிதாக வரைவது சீக்கிரம் முடியும். அப்புறம் டேப் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நாலு இடம் அளந்து சரிபாருங்கள்.

இதில் ஃப்ரீலான்ஸ் செய்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு முக்கியமான செய்தி ஒளிந்திருக்கிறது. “பணம் முழுசா வரலை, அதனால டிடபிள்யூஜி கொடுக்கலை, பிடிஎஃப் மட்டும்தான் அனுப்பினேன்” என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? உள்ளமைந்த டிரைவரில் எடுத்த அந்த சுத்தமான வெக்டர் பிடிஎஃப்பை எதிரில் இருப்பவர் பிடிஎஃப்இம்போர்ட் பண்ணினால் முக்கால்வாசி டிராயிங் ஐந்து நிமிடத்தில் அவர் கையில். லேயர் தகவலையும் சேர்த்து அனுப்பியிருந்தால் லேயரும் பெயரோடு போய்ச் சேரும். பணம் வரும் வரை காட்டுவதற்கு மட்டும் என்றால், படமாக மாற்றிய பிடிஎஃப் அனுப்புங்கள். லேஅவுட்டை முதலில் ஜேபெக் ஆக எடுத்து, அதைப் பிடிஎஃப் ஆக்கினால் போதும். இந்த ஒரு இடத்தில் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் கூட நமக்கு நண்பன்தான். சைட்டுக்குப் போகும் இறுதி செட்டை மட்டும் வெக்டராகக் கொடுங்கள்.

அனுப்பும் முன் நான் பார்க்கிறது நாலு விஷயம், ஒரு நிமிடம் கூட ஆகாது. அக்ரோபேட் ரீடரில் திறந்து பிராப்பர்டீஸில் பக்க அளவு 841க்கு 594 என்று இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு மூலையை 6400 சதவீதம் வரை பெரிதாக்குவேன், கோடு உடைந்தால் அது படம். ஒரு எழுத்தை செலக்ட் பண்ணிப் பார்ப்பேன். கம்பி அளவு எழுதிய இடத்துக்குப் போய் விட்டக் குறியீடு கேள்விக்குறியாகவோ பெட்டியாகவோ மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஸ்ட்ரக்சரல் டிராயிங்கில் இந்தக் கடைசிச் சோதனையைத் தவறவிட முடியாது, அங்கே ஒரு குறி தொலைந்தால் கம்பி கட்டுகிறவர் ஊகிக்க வேண்டி வரும்.

அப்புறம் வாட்ஸ்அப். இவ்வளவும் செய்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போட்டோவாக அனுப்பாதீர்கள், ப்ளீஸ். போட்டோவாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் பிடிஎஃப் அப்படியே போகும்.

ஆட்டோகேட் லைசென்ஸே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டிருந்தாங்க. விண்டோஸ் என்றால் ஆட்டோடெஸ்கின் ‘டிடபிள்யூஜி ட்ரூவியூ’ இலவசம். வரைய முடியாது, ஆனால் திறந்து பார்க்கலாம், அதே உள்ளமைந்த டிரைவரில் பிடிஎஃப் எடுக்கலாம், ஏ1 உட்பட. சீனியர் யாரிடமாவது ஃபைல் வாங்கும்போது வெறும் டிடபிள்யூஜி வாங்காமல் “இ-டிரான்ஸ்மிட் பண்ணிக் கொடுங்க” என்று கேளுங்கள். ஃபான்ட், எக்ஸ்ரெஃப், சிடிபி எல்லாம் ஒரே ஜிப்பில் வந்துவிடும். அந்த சிடிபியை எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் பிளாட் ஸ்டைல்ஸ் ஃபோல்டரில் போட்ட பிறகு பிளாட் அடியுங்கள்.